கரட்டுவளவை எண்ண வைத்தவள்

சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மேற்கே நாலு கிலோமீட்டர் நடந்தால் கரட்டுவளவு. வடக்கே கரடு என்கிற ஒரு மொட்டைக் குன்று, தெற்கே மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓடை, நடுவில் நாற்பத்தொரு வீடு. கரட்டுக்கு அந்தப் பக்கம் நெடுங்காட்டுப்பட்டி, சேலம் மாவட்டம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆனைக்கல்பாளையம், நாமக்கல் மாவட்டம். கரட்டுவளவு எந்த மாவட்டம் என்று கேட்டால், எதுக்குக் கேக்கறீங்க என்று திருப்பிக் கேட்பதுதான் அந்த ஊர் வழக்கம். நிலத்துக்கு என்றால் நாமக்கல். பட்டா, சிட்டா எல்லாம் ஆனைக்கல்பாளையத்துக் கணக்கில் இருக்கிறது. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் வீட்டு வரிக்கும் என்றால் சேலம். ஓடைக்கு அன்றும் பாலம் இல்லை, இன்றும் இல்லை. அதனால் நெடுங்காட்டுப்பட்டி ஊராட்சிதான் கரட்டைச் சுற்றி ரோடு போட்டது, குழாய் இழுத்தது, அப்படியே வரியும் வாங்க ஆரம்பித்துவிட்டது.

சௌந்திரம் அந்த ஊருக்கு வாழப்பாடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தது தொண்ணூற்றைந்தில். அப்போது இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. இந்தக் கரையும் சேலம், அந்தக் கரையும் சேலம். இரண்டு வருஷம் கழித்து நாமக்கல்லைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது, அவள் அடுப்பை நகர்த்தவில்லை, ஆட்டுப் பட்டியை நகர்த்தவில்லை. காகிதம் மட்டும் ரெண்டாகப் போனது. புருஷன் சின்னண்ணன் போர்வெல் ரிக் வண்டி டிரைவர். வருஷத்தில் எட்டு மாதம் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் போர் போட்டுக்கொண்டிருப்பார். ஊரில் நடக்கிற நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள்தான் நிற்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பத்தில் நெடுங்காட்டுப்பட்டி ஊராட்சியில் அவளுக்கு டேங்க் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காலையில் மோட்டார் போட வேண்டும், நெடுங்காட்டுப்பட்டி தொட்டி நிறைந்ததும் தெருத் தெருவாக வால்வு திறந்துவிட வேண்டும், கடைசியாகக் கரட்டுவளவுக்கு. கரட்டுவளவுக்கென்று தொட்டி கிடையாது. கடைசிக் குழாய்க்குத் தண்ணீர் வருவதற்குள் தொட்டி காலியாகிவிடும். அதனால் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை குடம் போதும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

வேலை கிடைத்த மறு வருஷம், பிப்ரவரியில், மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். சௌந்திரம் ஓடைக்கரைக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் ஒரு ஆள் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபடி, அது எந்த ஊர் என்று கூவிக் கேட்டார். இவள் நிமிர்ந்து, கரட்டுவளவுங்க, நாங்க நெடுங்காட்டுப்பட்டியைச் சேர்ந்தவங்க என்றாள். புது வேலைக்காரியின் பெருமை அவள் குரலில் இருந்தது. அப்படின்னா சேலத்துக்காரங்க வந்து எழுதிக்குவாங்க என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சேலத்துக்காரர்கள் வரவில்லை. அவர்களுடைய வரைபடம் கரட்டு அடிவாரத்தோடு முடிந்திருந்தது.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிய எட்டு வருஷம் ஆனது. கரட்டுவளவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்று ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தபோது, ஒன்றிய அலுவலகத்தில் இருந்த பொறியாளர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊர்ப் பெயர் இருந்தது. பக்கத்தில் மக்கள்தொகை என்ற கட்டத்தில் சைபர் இருந்தது.

"ஆளே இல்லாத ஊருக்குத் தொட்டி கட்ட முடியாதும்மா," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது அந்தக் கிணற்றடியை நினைத்துக்கொண்டே வந்தாள். யாரோ ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தன் வாயால் சொன்ன ஒரு பதிலுக்கு நாற்பத்தொரு வீடும் இல்லாமல் போனது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது. அடுத்த கணக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொரோனா வந்து அதுவும் தள்ளிப் போயிற்று. பத்து வருஷத்தில் வர வேண்டியது பதினைந்து வருஷம் ஆயிற்று.

இந்த முறை வீட்டுப் பட்டியல் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த உடனேயே அவள் கிளம்பிவிட்டாள். முதலில் ஊராட்சிச் செயலர் நவநீதகிருஷ்ணனிடம் போனாள். தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தேர்தலும் நடக்காததால் நெடுங்காட்டுப்பட்டியில் அப்போது எல்லாம் அவர்தான். கரட்டுவளவை ஏதாவது ஒரு மாவட்டத்தில் முழுசாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள் என்றாள். அவர் கையை விரித்தார். கணக்கெடுப்பு முடிகிறவரைக்கும் ஊர் எல்லை, தாலுகா எல்லை, மாவட்ட எல்லை எதையும் யாரும் தொடக்கூடாது, போன வருஷக் கடைசியோடு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றார்.

"எல்லையை மாத்தச் சொல்லலீங்க. எங்களை எண்ணச் சொல்றேன்," என்றாள் சௌந்திரம்.

அடுத்தது ஆனைக்கல்பாளையத்துக்குப் போனாள். அங்கே கணக்கெடுப்பாளராகப் போட்டிருந்தது தனப்பிரியா என்ற பள்ளிக்கூட டீச்சரை. ராசிபுரத்துக்காரர், முப்பது வயதிருக்கும். சௌந்திரம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். அவர் எண்ண வேண்டிய பகுதி ஓடையோடு முடிந்திருந்தது. நெடுங்காட்டுப்பட்டிப் பக்கம் ஜீவா என்ற இன்னொரு ஆசிரியர். டீச்சரே அவருக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர் அனுப்பிய படத்தில் அவருடைய பகுதி வழக்கம்போலக் கரட்டு அடிவாரத்தோடு முடிந்திருந்தது. ரெண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நடுவில் கரட்டுவளவு வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

மேலே கேட்டால் வரைபடத்தில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்வார்கள் என்றார் டீச்சர். நீங்கள் தாலுகா ஆபீசில் எழுத்து மூலமாகக் கொடுங்கள், நானும் என் பங்குக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரட்டுவளவு மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். கறிக்கோழி வண்டி ஓட்டுகிற மாதேஸ்வரன் ஒரு யோசனை சொன்னார். நெடுங்காட்டுப்பட்டிக்குப் போகிற தண்ணீர் மொத்தமும் கரட்டுவளவு எல்லையில் இருக்கிற போரிலிருந்துதான் ஏறுகிறது. சாவி சௌந்திரத்தின் இடுப்பில் இருக்கிறது. மூன்று நாள் மோட்டார் போடாமல் இருந்தால் ரெண்டு கலெக்டரும் ஓடி வருவார்கள் என்றார். பலருக்கு அது சரியாகத்தான் பட்டது. சௌந்திரம் முடியாது என்றாள். அங்கே தண்ணீருக்காகக் குடத்தோடு நிற்கிற பொம்பளைகள் தங்களை எண்ணாமல் விட்டவர்கள் இல்லை, அவர்களை வாட்டி வாங்குகிற கணக்கு தனக்கு வேண்டாம் என்றாள். கத்தாமல்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை செயலர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். பயந்த சுபாவம். நாமக்கல் பக்கம் போய் மனுக் கொடுக்கப் போகிறாளாமே என்று கேட்டார். அங்கே எண்ணிவிட்டால் அவள் வேறு மாவட்டத்து ஆள் என்று எழுத்தில் ஆகிவிடும். அப்புறம் இந்த ஊராட்சியில் அவளை வேலையில் வைத்திருக்கத் தணிக்கையில் கேள்வி வரும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பதினாறு வருஷ வேலை, கொஞ்சம் யோசித்துக்கொள் என்றார்.

சின்னண்ணன் அப்போது ஊரில் இருந்தார். அவரிடம் சொன்னாள். இந்த வேலை இருக்கிற தைரியத்தில்தான் நான் வடக்கே போகிறேன் என்றார். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமை காலை மோட்டாரைப் போட்டு, எல்லா வால்வையும் திறந்து மூடிவிட்டு, பதினெட்டுப் பெண்களோடு பஸ் ஏறினாள்.

ஆனைக்கல்பாளையத்துக்கான தாலுகா அலுவலகத்தில் அவர்களுடைய மனுவை வாங்கிய எழுத்தர் அனுபவசாலி. படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வரும்போது அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். அறுபத்தொன்றாம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்குப் புத்தகம். ஊர் ஊராக வீடு எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அச்சடித்திருந்தது. ஆனைக்கல்பாளையம் என்ற வரிக்குக் கீழே, சேர்ந்த குக்கிராமங்களில் கரட்டுவளவும் இருந்தது. பதினேழு வீடு.

சௌந்திரம் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். தன் மாமனார் இளவட்டமாக இருந்த காலத்தில் இந்த ஊரை யாரோ வந்து எண்ணியிருக்கிறார்கள். சைபர் என்பது பிறகு வந்தது.

எழுத்தர் அந்தப் பக்கத்தின் தலைப்பில் விரலை வைத்தார். சேலம் மாவட்டம் என்று இருந்தது. "பாருங்க, அன்னிக்கே நீங்க சேலம்தான். ஆதாரம் உங்க பக்கம் இருக்குது. இதை ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன், சேலத்துல கொண்டுபோய்க் கொடுங்க," என்றார்.

கூட வந்தவர்களில் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்குப் பெரிய காரியம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. சௌந்திரம் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தாள். ராசிபுரம் இருந்தது. திருச்செங்கோடு இருந்தது. நாமக்கல் இருந்தது. அதற்கப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். எல்லாத் தாளின் தலையிலும் அதே சேலம் மாவட்டம்தான்.

"ஏனுங்க, இந்தப் புஸ்தகத்துல ஓசூருங்கூடச் சேலந்தானுங்க," என்றாள். "அன்னிக்கு இருந்த சேலம் வேற, இன்னிக்கு இருக்கற சேலம் வேற. இதை வெச்சு நாங்க சேலத்துக்குப் போகோணும்னா, நீங்க உக்காந்திருக்கற இந்த ஆபீசும் எங்ககூட வரோணும்."

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சௌந்திரம் பழைய பக்கத்துக்கே திரும்பி வந்தாள். "மாவட்டப் பேரு மாறும், மாறட்டுமுங்க. ஆனைக்கல்பாளையத்துக்குள்ள கரட்டுவளவுன்னு எழுதியிருக்குதல்ல, அது மாறலே. எங்க பட்டாவுலயும் அதேதான் இருக்குது. எங்களை அதுலயே எண்ணுங்க. எண்ணுறமுன்னு எழுதித் தாரவரைக்கும் நாங்க இங்கயே இருக்கறமுங்க."

அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு நேரம் போயிற்று. ஒருவர் வந்து, கூட்டமாக உட்காரக் கூடாது, போலீசைக் கூப்பிட வேண்டிவரும் என்றார். கூப்பிடுங்கள், அவர்களாவது எங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்வார்கள் என்றாள் மயிலம்மாள். வீட்டைவிட்டு வெளியே அதிகம் வராதவள் அவள். அவள் வாயிலிருந்து அது வந்ததில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

மூன்று மணிக்குத் தாசில்தார் வெளி வேலை முடிந்து வந்தார். பெண் அதிகாரி. வராந்தாவிலேயே நின்று விஷயத்தைக் கேட்டார். உள்ளே கூப்பிட்டு, கிராம வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேசை நிறைய விரித்த அந்தத் துணி வரைபடத்தில் ஓடை நீலக் கோடாக ஊருக்கு உள்ளேயே ஓடியது. ஊரின் எல்லை அதைத் தாண்டி, கரட்டின் உச்சி வழியாகப் போயிற்று. கரட்டுவளவுப் புல எண்கள் அத்தனையும் ஆனைக்கல்பாளையத்துக்குள் இருந்தன.

தாசில்தார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மக்கள்தொகைக் கணக்குக்கு வருவாய்க் கிராமம்தான் அளவு, யார் ரோடு போட்டார்கள் என்பது அதில் வராது என்றார். கணக்கெடுப்புக்குப் பகுதி பிரித்தவர் யாரோ ஓடையைப் பார்த்ததும் ஊர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறார். முன்னால் எடுத்தவர்களும் அந்தக் கோட்டையே நம்பியிருக்கிறார்கள். இப்போது அதைச் சரிசெய்தால் எல்லையை மாற்றியதாக ஆகாது. எல்லைக்குள் விட்டுப்போனதைச் சேர்த்ததாகத்தான் ஆகும். சேலம் பக்கத்துக்கும் எழுதிவிடுகிறேன், ரெண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்றார்.

சௌந்திரம் அதை எழுத்தில் கேட்டாள். தாசில்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் தனப்பிரியா டீச்சருக்குப் புது வரைபடம் வந்தது. ஓடை மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கரட்டுவளவுக்குள் வந்தபோது, சௌந்திரம் கரையிலேயே காத்திருந்தாள். வீடு வீடாகக் கூட நடந்தாள். சுவர் எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா என்று டீச்சர் கேட்கக் கேட்க, வீட்டுக்காரர்களுக்கு முன்னால் இவளே பதில் சொல்லிவிடப் பார்த்தாள். அவங்களே சொல்லட்டும்க்கா என்று டீச்சர் ரெண்டு தடவை சிரித்துக்கொண்டே தடுத்தார். குப்பாயி என்ற கிழவி, தன் ஓட்டு வீட்டில் எண் எழுதுவதற்காக வாசல் நிலையைக் காலையிலிருந்து மூன்று முறை துடைத்து வைத்திருந்தாள்.

நாற்பத்தொன்றும் முடிந்தது. டீச்சர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கரட்டு ஓரமாகத் தெரிகிற அந்தக் கொட்டகை என்னவென்று கேட்டார்.

"அது கோழிப்பண்ணைங்க. ஊடு இல்லீங்க," என்றாள் சௌந்திரம்.

அங்கே துணி காய்கிறதே என்றார் டீச்சர்.

ஒடிசாக்காரங்க, முட்டை பொறுக்க வந்தவங்க, நம்ம ஊர்க்காரங்க இல்லீங்க என்று சௌந்திரத்தின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கிணற்றடியில் யோசிக்காமல் சொன்ன பதிலும் இப்படித்தான் வந்தது. டீச்சர் பேனாவை மூடவில்லை. சௌந்திரம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாங்க டீச்சர் என்று முன்னால் நடந்தாள்.

பண்ணை வாசலில் முதலாளி தங்கமுத்து குறுக்கே நின்றார். ஊரில் பெரிய தலைக்கட்டு. தாலுகா ஆபீசுக்கு அவளை வாழ்த்தி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். இவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள், இவர்களை எழுதினால் நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து நிற்பார், விட்டுவிடு சௌந்திரம் என்றார். நல்லதாகவே சொன்னார்.

"மாமா, இவங்களை விட்டுப்போட்டா நான் வராந்தாவுல உக்காந்ததுக்கு அர்த்தமே இல்லீங்க," என்றாள் அவள். "நாலு வருஷமா இங்கதானுங்க சோறாக்கறாங்க. வழி உடுங்க."

தங்கமுத்து நகரவில்லை. கணக்கெடுப்பைத் தடுத்தால் மேலே எழுத வேண்டிவரும் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னபோதுதான் ஒதுங்கினார். கொட்டகைக்குப் பின்னால் மூன்று அறை, மூன்று குடும்பம். சபிதா என்ற பெண் முதலில் பயந்து உள்ளே போய்விட்டாள். சௌந்திரத்துக்கு அவளுடைய பாஷை தெரியாது. தன் வீட்டு நிலையில் எழுதிய எண்ணைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்; அதைக் காட்டி, பிறகு அவர்களுடைய கதவைக் காட்டினாள். சபிதா புரிந்துகொண்டு வெளியே வந்தாள். பதினாறு வருஷமாகக் குடக்கணக்கு வைத்திருந்தும், இந்த மூன்று அறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதை அங்கே நின்றபோதுதான் சௌந்திரம் உணர்ந்தாள். கோழிக்குப் போகிற குழாயில்தான் அவர்களும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் நாற்பத்துநான்கில் முடிந்தது. தங்கமுத்து வீட்டார் அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் பண்டிகைக்கு அவளைக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிடாமலேயே போய், எல்லோருக்கும் நடுவில் நின்று பொங்கல் வைத்தாள்.

செயலர் சொன்னது பலித்தது. இரண்டு மாதத்தில் நெடுங்காட்டுப்பட்டியிலேயே ஒருவரை ஆபரேட்டராகப் போட்டார்கள். சாவியை வாங்க நவநீதகிருஷ்ணன் நேரில் வந்தார். கண்ணைப் பார்க்காமல் நின்றார். அவள் சாவியைக் கொடுத்தாள். எந்த வால்வு முரண்டு பிடிக்கும், அதை எப்படித் திருக வேண்டும் என்பதையும் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தானே நடந்து போனாள். வரும் வழியில் கரட்டு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதாள். அதைச் சின்னண்ணனிடம் மட்டும் போனில் சொன்னாள். அவர் அப்போது ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் இருந்தார். இந்த வருஷம் நாலு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு வாரேன், நீ உன் வேலையைப் பாரு என்றார். உன் வேலை என்று அவர் எதைச் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது.

தொட்டி இன்னும் வரவில்லை. எடுத்தது வீட்டுப் பட்டியல்தான், அடுத்து ஆளைக் கணக்கெடுத்து, அது அச்சாகி வந்தால்தான் கரட்டுவளவு என்ற கட்டத்தில் எண் ஏறும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கச் சொன்னவர்களிடம் அவள், காத்திருந்ததெல்லாம் போதும் என்று சொல்லிவிட்டாள். ஓடைக்குப் பாலம் கேட்டு, நாற்பத்துநான்கு வீட்டின் கையெழுத்தோடு ஒரு மனு எழுதினாள். சபிதா தன் பெயரை ஒடியா எழுத்தில் போட்டிருந்தாள். அது செல்லாது என்று யாரோ சொன்னதற்கு, செல்லாது என்று அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும் என்றாள் சௌந்திரம்.

போன திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு அதே தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இருக்கட்டுமுங்க, முதல்ல முழுசாப் படிங்க என்று சொல்லிவிட்டு, அவர் கடைசிக் கையெழுத்துக்கு வருகிறவரை அவள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.